முடியாததை நிரூபித்த மேதை ஆலன் டூரிங்



கணிப்பொறிப் பிரிவில் படிக்கும் நாம் எல்லோரும் ஏதாவது ஒரு பாடத்தில் ஆலன் டூரிங் என்ற பெயரைத் தாண்டித்தான் வந்திருப்போம். பெரும்பாலும் இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்து போவோம். ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுசாகப் படித்துப் பார்த்தால், இன்றைக்குத் தென்காசி பஜாரில் நம்மைக் கேட்கிற ஒரு கேள்விக்கு அதில் பதில் கிடைக்கிறது.

என்ன கேள்வி என்கிறீர்களா? கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும். கடை அண்ணாச்சி, அரிசி ஆலைக் கணக்கர், குற்றாலம் லாட்ஜ் மேனேஜர் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எந்த ஆண்ட்டி வைரஸ் வாங்கிப் போட்டால் எதுவுமே வராது என்பார்கள். சீசன் நேரத்தில் லாட்ஜ் வரவேற்பறைக் கணிப்பொறியில் எத்தனை பேருடைய ஆதார் நகல், போன் நம்பர் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக் கணிப்பொறியில் ஜி.எஸ்.டி. கணக்கு, கடன் பாக்கி எல்லாம் இருக்கும். என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. படித்த பிள்ளை சொல்லிவிட்டது என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். ஆகவே, தெரிந்து சொல்ல வேண்டியது நம் கடமை. அதற்கு டூரிங்கின் வாழ்க்கை எப்படி வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

போத்தனூர் தாயின் மகன்

டூரிங் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23-ல். ஆனால் அவருடைய குடும்பம் நம் மண்ணோடு பிணைந்த குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. தாயார் எத்தேல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தாய்வழித் தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது குன்னூரில். தந்தை ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. அன்றைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த சத்ரபூர் போன்ற ஊர்களில் வேலை பார்த்தவர். சத்ரபூர் இன்று ஒடிசாவில் இருக்கிறது.

பெற்றோர் இங்கே, பிள்ளைகள் இங்கிலாந்தில். ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரி குடும்பத்தின் பொறுப்பில்தான் அண்ணன், தம்பி இருவரும் வளர்ந்தார்கள். அம்மா, அப்பாவை எப்போதாவது விடுமுறைக்குத்தான் பார்க்க முடியும். பதின்மூன்று வயதில் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் போன அன்று நாடு முழுக்க வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பையன் சவுதாம்ப்டனிலிருந்து சுமார் 60 மைல் சைக்கிள் மிதித்து, நடுவழியில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். பஸ் வரவில்லை என்று லீவு போடும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்!

பள்ளியில் அவருக்குக் கிடைத்த உயிர் நண்பர் கிறிஸ்டோபர் மார்கம். அறிவியலில் இருவரும் போட்டி போட்டுப் படித்தார்கள். அந்த நண்பர் 1930 பிப்ரவரியில் காசநோயால் இறந்து போனார். சிறு வயதில் குடித்த கிருமி கலந்த பாலால் வந்த நோய் அது. நண்பன் செய்ய வேண்டியதையும் சேர்த்து நாமே செய்து முடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் டூரிங்கின் மனதில் அன்று விழுந்தது. 1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். 22 வயதிலேயே அங்கே ஆய்வாளர் பதவி கிடைத்தது.

1936: ஒரு தாளும் ஒரு பெரிய உண்மையும்

கணிப்பொறி என்ற இயந்திரமே இல்லாத 1936-ல், ஒரு நாடாவும் அதில் எழுதி அழிக்கும் ஒரு முனையும் உள்ள இயந்திரத்தை அவர் மனதில் கட்டினார். இதுதான் டூரிங் இயந்திரம். எந்தக் கணக்கையும் படிப்படியாகச் செய்யும் ஒரே பொது இயந்திரம் சாத்தியம் என்று காட்டினார். நம் மேசையில் இருக்கிற கணிப்பொறியின் கொள்கை அங்கேதான் பிறந்தது.

அதே கட்டுரையில் இன்னொன்றையும் நிரூபித்தார். இயந்திரத்தால் என்னென்ன முடியும் என்று சொன்ன அதே கையால், எது முடியாது என்றும் எழுதி வைத்தார். நம் பாடப் புத்தக மொழியில் சொன்னால், எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் நிற்குமா, சுற்றிக்கொண்டே இருக்குமா என்று ஒருபோதும் தவறாமல் சொல்லக்கூடிய ஒரு பொதுப் புரோகிராமை எழுதவே முடியாது. இன்னும் வேகமான கணிப்பொறி வந்தாலும் முடியாது. அது அறிவின் எல்லை.

இதற்கும் ஆண்ட்டி வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? 1984-ல் அமெரிக்காவில் ஃபிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் கணிப்பொறி வைரஸ் பற்றி எழுதிய ஆய்வில் இதே வழியைக் கையாண்டார். எல்லா வைரஸையும் தப்பாமல் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைப் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கில்லாடி தன் புரோகிராமுக்குள் அந்தச் சோதனையையே வைத்து, தன்னைப் பற்றியே அதனிடம் கேட்கிறான். வைரஸ் என்று பதில் வந்தால் சும்மா இருந்துவிடும். வைரஸ் இல்லை என்று பதில் வந்தால் பரவ ஆரம்பிக்கும். இப்போது சோதனைப் புரோகிராம் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தப்பாகத்தான் போகும். அவ்வளவுதாங்க விஷயம்! நூற்றுக்கு நூறு பிடிக்கும் ஆண்ட்டி வைரஸ் என்பது கணிதப்படியே கிடையாது.

எனவே, எங்கள் சரக்கு நூறு சதவீதம் பாதுகாப்பு என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவரிடம் விலை பேசுவதற்கு முன்னால் நாம் உஷாராக வேண்டும். கெட்டதை விடாமல் பிடிக்க வேண்டும் என்று சல்லடையை ரொம்பச் சன்னமாக்கினால், நல்லதும் மாட்டிக்கொள்ளும். 2010 ஏப்ரலில் மெக்கஃபி நிறுவனத்தின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்து அகற்றி, உலகம் முழுக்கப் பல அலுவலகக் கணிப்பொறிகளை முடக்கியது. ஜெர்மனியின் ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் எத்தனை வைரஸைப் பிடித்தது என்பதோடு, எத்தனை நல்ல கோப்புகளைத் தப்பாகப் பிடித்தது என்பதையும் வெளியிடுகிறார்கள். முதல் எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள். இரண்டாவது எண்ணை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

எனிக்மா: நல்ல பூட்டு, கெட்ட பழக்கம்

1938-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய டூரிங், அங்கேயே தங்கும் வாய்ப்பை விட்டுவிட்டு நாடு திரும்பினார். மறு வருடம் போர் மூண்டது. 1939 செப்டம்பர் 4-ல் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய முகாமில் வேலைக்குச் சேர்ந்தார். எதிரிக்கு வந்து போகும் செய்திகளைப் படிப்பதுதான் வேலை.

ஜெர்மானியர்களின் எனிக்மா இயந்திரம் பார்க்கச் சின்னத் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பூட்டி வைக்கக்கூடிய வழிகள் 159-க்குப் பின்னால் பதினெட்டு பூஜ்யம் போட்டால் வரும் அளவு! ஒவ்வொன்றாக முயன்று பார்க்க ஒரு ஆயுள் போதாது. போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள் ரெயெவ்ஸ்கி, ருசிட்ஸ்கி, சிகால்ஸ்கி மூவரும் 1932-லிருந்தே இதை உடைக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். போருக்குச் சில வாரம் முன்பு, 1939 ஜூலையில், தாங்கள் கண்டதையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் டூரிங் கட்டினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனிக்மாவில் ஒரு எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது. அது இயந்திரத்தின் ஓட்டை. அதைவிடப் பெரிய ஓட்டை மனிதர்களிடம் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வார்த்தைகளில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். சாவி எழுத்துகளாகத் தங்கள் காதலியின் பெயரையோ, விசைப்பலகையில் அடுத்தடுத்து இருக்கும் எழுத்துகளையோ வைப்பார்கள். செய்தியில் இன்ன வார்த்தை இருக்கும் என்று ஊகித்தால் பொருந்தாத பூட்டுகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளும் பாம்ப் என்ற இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். முதல் பாம்ப் 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற சக கணிதர் அதை மேலும் மேம்படுத்தினார்.

நண்பர்களே, இங்கே நின்று நம் ஊர் அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். விலை கூடிய செக்யூரிட்டி சாஃப்ட்வேர் இருக்கும். பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123-மாக இருக்கும். அது மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் இருக்கும். பயிற்சிக்குப் போன ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது, லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று தினமும் காலையில் வரும் எச்சரிக்கையை, கோலம் போடுகிற மாதிரி ஒரு கடமையாக மூடிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். எனிக்மாவை இயக்கிய ஜெர்மன் சிப்பாய்க்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இயந்திரம் மட்டும் போதாது, ஆள் வேண்டும்

1941 அக்டோபரில் டூரிங்கும் வெல்ச்மன் உள்ளிட்ட மூன்று சகாக்களும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். மேலதிகாரிகளைத் தாண்டி, பிரதமர் சர்ச்சிலுக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டது சம்பள உயர்வா? இல்லை. பதவியா? இல்லை. ஆள்! இயந்திரம் இருந்தும் அதை இயக்கவும், வருகிற செய்திகளைப் பார்க்கவும் போதிய ஆட்கள் இல்லாததால் வேலை தேங்குகிறது என்பதே கடிதத்தின் சாரம். சர்ச்சில் உடனே கேட்டதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். போர் முடியும் காலத்தில் 200-க்கும் மேற்பட்ட பாம்ப் இயந்திரங்கள் ஓடின. பிளெட்ச்லியில் வேலை பார்த்தவர்கள் ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

இன்றைக்கு மேனேஜ்டு என்ற அடைமொழியோடு விற்கப்படும் பாதுகாப்புச் சேவையின் அர்த்தம் இதுதான். என்ட்பாயின்ட் என்றால் வலையமைப்பின் கடைசி முனையில் இருக்கும் ஒவ்வொரு கணிப்பொறியும், லேப்டாப்பும், போனும். அவை எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து பார்த்து, அப்டேட் செய்து, ஆபத்து வந்தால் அந்த ஒரு கணிப்பொறியை மட்டும் தனிமைப்படுத்தும் வேலையை நமக்காக ஒரு குழு செய்து தருகிறது. குற்றாலம் மெயின் அருவியில் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதற்காகப் போலீஸ்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லையே! தண்ணீர் வரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். ஆண்ட்டி வைரஸ் கம்பித் தடுப்பு. மேனேஜ்டு சேவை நிற்கிற ஆள். எனவே, சேவை வாங்கும்போது கேட்க வேண்டியது, ராத்திரி இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் அதை யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரத்தில் எந்த மொழியில் நமக்குப் போன் வரும் என்பதே.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் ஒரு கணிப்பொறியில் தீய நிரல் இருந்ததாக, இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-ல் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் கொடுத்தது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்ததும், முக்கியமான வலையமைப்பைப் பிரித்து வைத்திருந்ததும் இரண்டு பெரிய பாடங்கள்.

இந்தத் துறை எங்கோ அமெரிக்காவில் மட்டும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சென்னையின் கே7 நிறுவனம் 1991-லிருந்து இத்துறையில் உள்ளது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ் என்ஜின் பிரிவு, என்ட்பாயின்ட் சென்ட்ரல் என்ற மென்பொருளை உலகம் முழுவதும் விற்கிறது. முன்பு டெஸ்க்டாப் சென்ட்ரல் என்று பெயர். நம்ம ஊர்ப் பெயர் என்பதால் மதிப்பீடு செய்யாமல் வாங்கிவிடலாமா? கூடாது. 2020-லும் 2021-லும் டெஸ்க்டாப் சென்ட்ரலில் பெரிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. எல்லாக் கணிப்பொறிக்கும் சாவி வைத்திருக்கும் மென்பொருளில் ஓட்டை விழுந்தால், அது எல்லாக் கதவுக்கும் விழுந்த ஓட்டை. ஓட்டையே வராத நிறுவனம் உலகில் இல்லை. வந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல்.

எதிரி மாறினான், பத்து மாதம் இருட்டு

1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகள் எனிக்மாவில் இன்னொரு சக்கரம் சேர்த்தன. அவ்வளவுதான்! படித்துக்கொண்டிருந்த செய்திகள் சுமார் பத்து மாதம் படிக்க முடியாமல் போயின. கப்பல்கள் வரிசையாக மூழ்கின. அக்டோபர் கடைசியில் யு-559 என்ற நீர்மூழ்கி மூழ்கும் நேரத்தில் உள்ளே இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்து வந்த மாலுமிகளில் இருவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் புத்தகங்களால்தான் டிசம்பரில் மீண்டும் வழி திறந்தது.

நேற்று ஜெயித்த முறை இன்றைக்கு ஜெயிக்கும் என்று உறுதி இல்லை. 2017 மே மாதம் உலகை ஆட்டிய வான்னக்ரை ரான்சம்வேருக்குத் தேவையான விண்டோஸ் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா அப்டேட்டையும் எல்லாக் கணிப்பொறியிலும் ஒரே நிமிடத்தில் ஏற்றலாமா? 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் இரண்டு கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குப் பரப்பும் வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

புதைத்த வெள்ளி

மேதைகளுக்கும் சறுக்கல் உண்டு. ஜெர்மனி படையெடுத்து வந்துவிட்டால் வங்கிப் பணம் போய்விடும் என்று பயந்த டூரிங், 1940-ல் வெள்ளிக் கட்டிகள் வாங்கி பிளெட்ச்லி பக்கம் இரண்டு இடத்தில் புதைத்து வைத்தார். போர் முடிந்து போய்ப் பார்த்தால் இடம் அடையாளம் தெரியவில்லை. உலோகம் கண்டறியும் கருவி வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இன்று வரை அந்த வெள்ளி மண்ணுக்குள்தான்!

பேக்அப் எடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லும் பல அலுவலகங்களின் நிலை இதுதான். எடுத்தது பெரிதல்ல, திரும்ப எடுக்க முடிகிறதா என்பதே கேள்வி. ரான்சம்வேர் வந்து கோப்புகளைப் பூட்டிவிட்டால், கணிப்பொறியோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். தனியே கழற்றி வைத்த ஒரு பிரதி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துச் சோதிக்க வேண்டும்.

புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனார்

போருக்குப் பிறகு டூரிங் கணிப்பொறி வடிவமைப்பில் இறங்கினார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எழுப்பிய கட்டுரை 1950-ல் வந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பேச்சுக்கெல்லாம் அது முன்னோடி. 1951-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். இதற்கு நடுவே ஓட்டக்காரராகவும் இருந்தார். 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தவர். அடுத்த வருட ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரைவிட 11 நிமிடம்தான் கூடுதல்.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருடு போனது. சட்டத்தை மதிக்கும் குடிமகனாகப் போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவருக்கு இன்னொரு ஆணுடன் உறவு இருந்தது தெரிய வந்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றம். திருட்டுப் புகார் கொடுக்கப் போனவரே கூண்டில் நின்றார். மார்ச் 31-ல் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஒரு வருடம் ஹார்மோன் சிகிச்சையை ஏற்க வேண்டி வந்தது. ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டைக் காத்தவர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் பிளெட்ச்லி வேலை அத்தனையும் ரகசியம். 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிவு சொன்னது. வயது 41.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகனைப் பற்றி 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார். போரில் மகன் செய்தது இன்னது என்று அதில் எழுத முடியவில்லை. 1970-களில்தான் அந்த ரகசியம் உலகுக்கு வெளிவந்தது. 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு வந்தது. 2021 ஜூன் 23-ல் அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளியானது. பிரிட்டிஷார் இங்கே விட்டுப்போன 377-வது பிரிவையும், மனமொத்த வயது வந்தோர் விஷயத்தில் குற்றமல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது.

இந்தக் கதையில் நம் தொழிலுக்கும் ஒரு பாடம் உண்டு. சொன்னவனையே தண்டித்தால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு போலி மின்னஞ்சலைத் திறந்துவிட்ட குமாஸ்தா அக்கா, வேலை போய்விடுமோ என்று பயந்து மூன்று நாள் மறைத்தால், அந்த மூன்று நாளில் வைரஸ் எல்லாக் கணிப்பொறிக்கும் போய்விடும். முதல் பத்து நிமிடத்தில் சொன்னால் வலை வயரைப் பிடுங்கினாலே போதும். இதுமாதிரி சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அலுவலகத்துக்குள்ளேயே சொல்லப் பயம் என்றால் அரசுக்கு எப்படிச் சொல்வது? பயமில்லாமல் சொல்லும் அலுவலகத்தைவிடப் பெரிய ஆண்ட்டி வைரஸ் கிடையாது என்றால் அது மிகையாகாது.

நாம் சொல்ல வேண்டியது

ஆகவே யாராவது கேட்டால், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நழுவாமல் இவற்றைச் சொல்வோம்.

1. முதலில் கணக்கெடுங்கள். எத்தனை கணிப்பொறி, எத்தனை போன், எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

2. இரண்டு மூன்று நிறுவனங்களின் சோதனைப் பதிப்பை ஒரு மாதம் உங்கள் பழைய கணிப்பொறியிலேயே ஓட்டிப் பாருங்கள். பில் போடும் மென்பொருள் மெதுவாகிறதா, தப்பாகத் தடுக்கப்படுகிறதா என்று கவனியுங்கள்.

3. ஐகார் என்ற 68 பைட் சோதனைக் கோப்பு இருக்கிறது. ஆபத்தில்லாதது. எச்சரிக்கை உண்மையிலேயே வருகிறதா, வந்தால் யார் போனுக்கு வருகிறது என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம்.

4. எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரத்தில் நடவடிக்கை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

5. முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

6. பாஸ்வேர்டு, திருத்தம், பேக்அப் மூன்றும் சரியில்லை என்றால் அந்தப் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

இப்படிச் சொன்னால் கேட்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஆனாலும் முடியாததை முடியும் என்று சொல்லிக் காசு வாங்குவது நம் படிப்புக்கு அழகல்ல. எல்லை இன்னது என்று நேர்மையாக எழுதி வைத்த டூரிங்தான் அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு எனிக்மாவையும் உடைத்தார். தன் வேலையின் எல்லை தெரிந்தவனைத்தான் நம்பிப் பொறுப்பை ஒப்படைக்க முடியும்.

இந்த வருடம் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் சென்னைக்குப் போனாலும் சரி, நம்ம ஊரிலேயே சர்வீஸ் கடை போட்டாலும் சரி, அந்த நேர்மையை டூல் கிட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.

வளர்க நம் பேரவை! வெல்க மாணவர் ஒற்றுமை!